நிப்பாட்டாமல் கொண்டுபோன கொம்பியூட்டர்

சத்தம் போட்டு ஓடுகிற எந்தச் சாமானையும் நான் நம்புவதில்லை. சத்தம் போடாமல் ஓடுகிற சாமானை அதைவிட நம்புவதில்லை. அறையில் மின்விசிறி சுற்றினால் கழன்று தலையில் விழும் என்று கட்டிலை மூலைக்கு இழுப்பேன். சுற்றாமல் நின்றால் வயர் எரிகிறதோ என்று சுவரை மணந்து பார்ப்பேன். (கட்டில் இன்னும் மூலையில்தான் கிடக்குது. காத்து வாறேல்லை, ஆனால் நிம்மதி.) இது பிறவிக் குணம். இதற்கு மருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த மருந்தால் வேறு ஏதும் வந்துவிடுமோ என்று நான் எடுக்கவில்லை.

இந்தக் குணத்தோடுதான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போனேன். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய். வீட்டுப் பின்வாசலால் இறங்கினால் கடல். பின்னக் கணக்குச் செய்வதைவிட மீன் பிடிப்பது சுகம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். அதுவும் பிழை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே, "அப்பா, எஞ்சின் சத்தம் மாறின மாதிரிக் கிடக்கு" என்று தொடங்குவேன். மாறவில்லை என்று அவர் சொன்னால், மாறாமல் இருப்பதும் சரியில்லையே என்பேன். எந்தத் தகப்பன் பொறுப்பான்? ஒரு நாள் என்னைக் கரையில் இறக்கிவிட்டு, "நீ தரையில நிண்டு பயப்படு. அங்க பயப்பட இடம் கனக்க இருக்கு" என்றுவிட்டுப் போனார்.

தரையில் நின்று நான் படம் எடுக்கப் பழகினேன். பிள்ளைகள் முதல் தரம் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படங்களைத் திருத்தி அச்சடிக்கக் கொடுப்பதற்குப் பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கினேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதைப் புதுப் படகு மாதிரியே நடத்தினார். எங்கள் பக்கத்தில் புதுப் படகு இறக்கினால் பங்குத்தந்தையான சுவாமி வந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும், படகின் முன்மூக்கான அணியத்தில் ஒரு அந்தோனியார் பதக்கம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது தண்ணீர் காணும். அம்மா சுவாமியைக் கூட்டிவந்துவிட்டார். மின்சாரச் சாமானுக்குத் தண்ணீர் ஆகாதே! கொம்பியூட்டருக்கு முன்னால் கையை விரித்து நின்று, "சுவாமி, கொஞ்சம் தள்ளி நிண்டு தெளியுங்கோ" என்று கெஞ்சினேன். தீர்த்தம் முழுவதும் என் சட்டையில் விழுந்தது. அன்றைக்கு மந்திரிக்கப்பட்டது நான்தான், கொம்பியூட்டர் இல்லை. இதில் அம்மாவுக்குத் திருப்தியில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அதன் பிறகு என் தங்கச்சி மெரினுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை றெஜி இலுப்பைக்கடவைப் பெடியன், கனடாவில் வேலை. லீவில் வந்து, தாலி கட்டி, லீவு முடிய ஓடிவிட்டார். இனி மெரினைக் கூப்பிடுவதற்குப் பேப்பர் போட வேண்டும். அங்கே இருக்கிற வக்கீல் கலியாணப் படங்கள் கட்டாயம் வேண்டும் என்றாராம். பதிவுத் துண்டு மட்டும் காணாதாம். உண்மையான கலியாணம்தான் என்று படத்தில் தெரிய வேண்டுமாம்.

கலியாணப் படம் எடுத்தது நான். வேறு ஆள் பிடித்தால் அவன் பிழைவிட்டுவிடுவான் என்ற பயத்தில் நானே எடுத்தேன். கோயிலுக்குள் ஒருவரும் போன் தூக்கக் கூடாது என்று சுவாமி முதலே கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், தாலி கட்டியதும் மோதிரம் மாற்றியதும் என் கமராவில் மட்டும்தான் இருந்தன. அவற்றைக் கொம்பியூட்டருக்குள் போட்டுவிட்டு, அடுத்த கிழமை புதுநன்மை வந்ததால் கமராவிலிருந்து அழித்துவிட்டேன். அது வழக்கம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் பயம் வரவில்லை. (வர வேண்டிய இடத்தில வராது பாருங்கோ, அதுதான் எங்கட பயத்தின்ர விசேஷம்.)

ஒரு பின்னேரம், மெரினின் படங்களைத் தெரிந்தெடுத்து அனுப்பலாம் என்று கொம்பியூட்டரைப் போட்டேன். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். பிறகு விடாமல் டிக் டிக் டிக்.

நான் கதிரையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

மன்னார் டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்று இருந்தது. தாராபுரத்தைச் சேர்ந்த றிஃப்கா என்கிற பிள்ளை அதை நடத்தினா. போன் எடுத்துச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம், வேறு ஏதுமாகவும் இருக்கலாம், தேவையான படங்களை முதலில் கொப்பி பண்ணி எடுத்துவிட்டு, நிப்பாட்டிக் கொண்டுவாருங்கள் என்று சொன்னா. தெளிவாகத்தான் சொன்னா. ஆனால் நான் யோசித்தேன்: உயிர் போகக் கிடக்கிற மனிசனிடம் மூட்டை தூக்கித் தா என்று கேட்பதா? கொப்பி பண்ணும்போதே நின்றுவிட்டால்? அதனால் ஒன்றையும் தொடவில்லை. மவுஸைக்கூட அசைக்கவில்லை.

மெரின் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுகிற ஆள் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"படம் இல்லாட்டி நான் கலியாணம் கட்டினனான் எண்டு அங்க ஆர் நம்புறது? உங்களை நம்பித்தானே அண்ணா வேற படக்காரன் வேண்டாமெண்டு சொன்னனான்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

நான் பின்வாசலுக்கு ஓடினேன். அப்பா படகு எஞ்சினின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கொம்பியூட்டர் தெரியாது. ஆனால் சத்தம் போடுகிற எஞ்சின்களோடு ஆயுளைக் கழித்தவர். நிதானமாக விசாரித்தார்.

"இப்ப ஓடுதோ?"

"ஓம் அப்பா, ஓடுது."

"சத்தத்தோட ஓடுது?"

"ஓம்."

"அப்ப நிப்பாட்டாத. நடுக்கடலில சத்தம் போடுற எஞ்சினை நிப்பாட்டினால் பிறகு அது உன்ர கயிறு இழுவைக்கு எழும்பாது. மெல்ல மெல்ல, ஓட விட்டபடியே கரைக்குக் கொண்டுவரவேணும்."

கடலில் இது பொன்னான புத்தி. இந்தப் புத்தியால் அப்பா எத்தனையோ தரம் கரை சேர்ந்திருக்கிறார். கொம்பியூட்டர் கடலில் இல்லை, மேசையில் இருக்கிறது என்ற சின்ன வித்தியாசம் என் மூளைக்கு ஏறவில்லை. கரை எது? றிஃப்காவின் கடை. கடல் எது? ஓலைத்தொடுவாயில் இருந்து மன்னார் டவுன் வரைக்குமான றோட்டு. படகு எது?

படகு என் கூட்டாளி யூட்டின் ஓட்டோ. கொம்பியூட்டரை இரவு முழுவதும் ஓட விட்டுவிட்டு, அவனைக் காலையில் வரச் சொன்னேன். கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க என்னிடம் ஒரு யூ.பி.எஸ் இருந்தது. சுவரில் இருந்து யூ.பி.எஸ்ஸைக் கழற்றினேன். கொம்பியூட்டர் நிற்கவில்லை. யூ.பி.எஸ் மட்டும் 'கீங்' என்று கத்தத் தொடங்கியது. கொம்பியூட்டர் பெட்டியைத் தலையணையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, யூ.பி.எஸ்ஸைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, ஓட்டோவின் பின்னால் ஏறி இருந்தேன். மேலே டிக் டிக், கீழே கீங் கீங். நடுவில் நான்.

யூட் திரும்பிப் பார்த்தான். "மச்சான், இது கொம்பியூட்டரோ, பிள்ளைப்பேற்றுக்குப் போற பொம்பிளையோ?"

மெல்லப் போ என்றேன். அவன் மெல்லப் போனான். ஊர் மணல் ஒழுங்கையில் எங்களை ஒரு கோழி முந்திப் போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பள்ளம் கடந்ததும் மடியில் இறக்கினேன். பெரிய றோட்டுக்கு ஏறும்போதே என் கைகள் சோர்ந்துவிட்டன. தோட்டவெளிப் பக்கம் போகும்போது யூ.பி.எஸ்ஸின் கீங் சத்தம் நெருக்கமாகிவிட்டது. பற்றரி இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம்.

தேத்தண்ணிக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தச் சொல்லி, உள்ளே ஓடி, பிளக் குத்த ஒரு இடம் தாருங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். ஓட்டோவுக்குள் நோயாளி இருக்கிறார், ஒட்சிசன் மெஷினுக்குக் கரண்ட் கேட்கிறேன் என்று நினைத்தாராம். பாண் வாங்க வந்த ஒரு கிழவி ஓட்டோவை நோக்கிச் சிலுவை அடையாளமும் போட்டுவிட்டார். வயரை இழுத்து யூ.பி.எஸ்ஸைப் பிளக்கில் போட்டதும், கடையில் இருந்த சனம் முழுவதும் எழுந்து வந்து, தலையணைக்குள் இருந்த நோயாளியைப் பார்த்தது.

"இதை நிப்பாட்டிக் கொண்டு போனால் என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

நான் அப்பாவின் எஞ்சின் கதையைச் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேர் கடற்றொழில்காரர். "அது சரிதான்" என்று தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அந்த இடத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் இருந்திருந்தாலாவது என் தங்கச்சியின் கலியாணம் தப்பியிருக்கும்.

யூ.பி.எஸ் கொஞ்சம் தெம்பு பிடித்ததும் புறப்பட்டோம். கொஞ்சத் தூரத்தில் பொலிஸ் மறித்தது. பீடி இலை மூட்டைகள் களவாகக் கடலால் வந்து இறங்குகிற பக்கம் என்பதால் அந்த றோட்டில் சோதனை வழக்கம். ஒரு இளம் பொலிஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். நான், தலையணை, டிக் டிக், கீங் கீங். உடனே நிமிர்ந்து ஓரடி பின்னால் போனார்.

"மொக்கத மே?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று கேட்கிறார் என்பது வரைக்கும் எனக்குச் சிங்களம் தெரியும். பதில் சொல்கிற அளவுக்குத் தெரியாது. கொம்பியூட்டர் என்றேன். அவர் கையால் சைகை காட்டி, தமிழில், "ஓஃப் பண்ணுங்க" என்றார்.

"நிப்பாட்ட ஏலாது சேர்" என்றேன். "நிப்பாட்டினால் எல்லாம் போயிடும்."

டிக் டிக் என்கிற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பொலிஸ்காரரிடம், இந்த நாட்டில், சொல்லக் கூடாத வசனம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். யூட் அப்படியே ஹாண்டிலில் தலையை வைத்துவிட்டான். பொலிஸ்காரர் இன்னும் பின்னால் போனார். பிறகு யூட்தான் இறங்கி, கையை உயர்த்தியபடியே நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தங்கச்சி, கலியாணம், கனடா, படம் எல்லாவற்றையும் சொல்லி, தன் போனில் இருந்த கலியாண வீட்டுப் பந்தல் படத்தையும் காட்டினான். பொலிஸ்காரர் தூரத்தில் நின்றே டோர்ச் அடித்துப் பார்த்து, பெட்டியின் முன்னால் எரிகிற பச்சை லைட்டைக் கண்டு, கடைசியில் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. "போங்க, போங்க" என்று அனுப்பிவிட்டார்.

தாராபுரம் திரும்புகிற இடத்தைத் தாண்டினால் டவுன் வந்துவிடும். அப்பாடா என்று முதல் தரமாக மூச்சு விட்டேன். அப்போதுதான் கழுதை வந்தது.

மன்னாரில் கழுதை றோட்டுக்கு வருவது புதினம் இல்லை. நாங்கள்தான் அவற்றின் றோட்டுக்கு வருகிறோம். ஆனால் அந்தக் கழுதை பற்றைக்குள்ளிருந்து திடீரென்று ஏறி, றோட்டின் நடுவில் குறுக்காக நின்றுவிட்டது. யூட் பிரேக்கை மிதித்தான். என் கைகள் ஏற்கனவே சோர்ந்து கிடந்தன. பெட்டி தலையணையோடு நழுவி, முன் சீற்றின் கம்பியில் 'டங்' என்று மோதி, என் கால் விரலில் விழுந்தது.

பெட்டியைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டேன். டிக் சத்தம் இல்லை. அடியோடு நின்றுவிட்டது. பச்சை லைட் எரிகிறது, மெல்லிசாகக் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும், பூனை உறுமுவது மாதிரி, கேட்பதற்கு இனிமையாக.

"மச்சான், சுகம் வந்திட்டுது" என்றேன். "டிக் சத்தம் நிண்டுட்டுது. வீட்ட திரும்புவமே?"

யூட் கழுதையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கழுதை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது, சொந்தக்காரனை அடையாளம் கண்டதுபோல. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒருக்கால் காட்டிப்போட்டுப் போவம்" என்றான் யூட்.

றிஃப்கா கடை மேசையில் பெட்டியை வைத்து, யூ.பி.எஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. ஓடவிட்டபடியே கொண்டுவந்ததைச் சொன்னேன். முதல் வேலையாக அதை நிப்பாட்டினா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினா. உள்ளிருந்து ஏதோ ஒன்று 'கிணிங்' என்று மேசையில் விழுந்து உருண்டது.

அந்தோனியார் பதக்கம். தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நூலில் கட்டியபடியே, ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று.

"இது ஆருடையது அண்ணன்?"

அந்த முடிச்சை எங்கேயும் அடையாளம் காண்பேன். எங்கள் படகின் அணியத்தில் இருக்கிற அதே முடிச்சு. தீர்த்தம் உள்ளே போகவில்லை என்பதால் அம்மா தன் வழியைப் பார்த்திருக்கிறார்.

உள்ளே இருக்கிற சின்ன விசிறியைக் காட்டி றிஃப்கா விளங்கப்படுத்தினா. சூட்டுக்கு நூல் தளர்ந்து, பதக்கம் இறங்கி, விசிறியில் முட்டி முட்டிச் சத்தம் போட்டிருக்கிறது. கம்பியில் மோதியபோது அது விசிறியை விட்டு விலகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் ஒரு சத்தமும் போடவில்லை. நான் பெரிய மூச்சு விட்டேன். அப்படியென்றால் அதற்கு ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டேன். அவ ஹார்ட் டிஸ்க்கை வேறாகக் கழற்றி, தன் மெஷினில் போட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோனா. கிர்ர்.

"வீட்டால வெளிக்கிடேக்க ஒண்டும் இருந்திருக்காது" என்றா. "இப்ப இருக்கு. சுத்திக்கொண்டிருக்கேக்க அடிபட்டால் உள்ளுக்க கீறிப்போடும் அண்ணன். நிப்பாட்டிக் கொண்டு வந்திருந்தால் தப்பியிருக்கும்."

பிறகு, ஏதோ ஆறுதலாகச் சொல்ல நினைத்து, "ஒரு பென்ட்ரைவ் இருந்திருந்தாலே நேற்று வீட்டிலயே எடுத்திருக்கலாம்" என்றா. யூட் என் இடுப்பைச் சுட்டிக் காட்டினான். வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்புக் கோர்வையோடு அங்கே ஒரு பென்ட்ரைவ் தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் ஹார்ட் டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கிழமை முழுவதும் மெரின் என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டுத் தந்தாள், அதுவும் கோப்பையை வைக்கிற சத்தத்தில் எல்லாம் விளங்கியது. அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரையில எண்டா ஆரடா ஓட விடச் சொன்னது?" மேசையில் இருக்கிற சாமான் எல்லாம் கரையில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

றிஃப்கா தன்னால் முடிந்ததைச் செய்தா. கோயில் படங்கள் இருந்த இடத்தில்தான் கீறல் விழுந்திருந்ததாம். தாலி போனது. மோதிரம் போனது. பீடம், பூச்செண்டு, ஊர்வலமாக நடந்து வந்தது, மாதா கெபிக்கு முன்னால் எடுத்தது எல்லாம் போனது. மிஞ்சியது பந்திப் படங்கள். சனம் சாப்பிடுகிற படங்கள் மட்டும், அள்ளு கொள்ளையாக. சோறு அள்ளுகிறவர்கள், எலும்பு உறிஞ்சுகிறவர்கள், ஐஸ்கிறீமுக்கு வரிசையில் நிற்கிறவர்கள். ஏன் இவ்வளவு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. சாப்பாடு காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அங்கேயே நின்றிருப்பேன்.

பொம்பிளை மாப்பிள்ளை இருவரும் சேர்ந்து தெளிவாக விழுந்திருந்த படம் ஒன்று இருந்தது. மெரின் முக்காட்டுத் துணியைத் தோளில் சுருட்டிப் போட்டிருக்கிறாள். ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் நண்டுக்கால். அதைப் பல்லால் உடைக்கிறாள். றெஜி பக்கத்தில், தன் நண்டை உடைக்க மறந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெரின் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தக் கிழமையின் முதல் சிரிப்பு.

"அந்தோனியார்தான் காப்பாத்தினவர்" என்றார் அம்மா. "இல்லாட்டி இதுவும் போயிருக்கும்."

வேறு வழியில்லாமல் பந்திப் படங்களைத்தான் பேப்பரோடு போட்டார்கள். நான் பட்ட பயத்தை எழுதினால் தனிப் புத்தகம் வரும். பிறகு மெரினைக் கொழும்புக்கு விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லாப் படத்திலும் ஏன் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அங்கே கேட்டார்களாம். அவள் ஒன்றும் மறைக்காமல் பதக்கம், கடல் எஞ்சின், கழுதை எல்லாவற்றையும் சொன்னாளாம். மொழிபெயர்க்க இருந்தவர் கழுதை வந்த இடத்தில் மொழிபெயர்க்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். கேள்வி கேட்டவர் நண்டுக்கால் படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் முகத்தைக் காட்டி, "இது காணும்" என்றாராம்.

விசா வந்தது. மெரின் இப்போது கனடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுச் சுவரில், மற்ற வீடுகளில் தாலி கட்டுகிற படம் தொங்குகிற இடத்தில், நண்டுக்கால் தொங்குகிறது. எங்கள் வீட்டில் ஏதாவது பழுதானால், அது மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் அப்பாவின் முழங்காலாக இருந்தாலும், ஒருவர் கட்டாயம் சொல்வார்: "நிப்பாட்டாத. ஓட விட்டபடியே கொண்டு போ." யூட் தன் ஓட்டோவில் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறான். அவன் சொல்கிற கதையில் இப்போது கழுதைகள் மூன்று.

போன கிழமை மெரின் வீடியோவில் வந்தாள். புதிதாக வாங்கிய பிறிட்ஜ் சத்தம் போடுகிறதாம். "கேளுங்கோ அண்ணா, ஓட விட்டபடியே மன்னாருக்குக் கொண்டு வரட்டோ?" என்று போனை அதன் பின்பக்கம் பிடித்தாள். றெஜி பின்னால் நின்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். எனக்கு நன்றாகப் பழக்கமான சத்தம். திரும்பி, பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். மெரின் வெளிக்கிட்டபோது அவளுடைய பெட்டியை அடுக்கியது அவர்தான். புதுச் சாமானில் கட்டச் சொல்லி மருமகனுக்கு ஒரு சின்னப் பொட்டலமும் அதற்குள் வைத்தார்.

அம்மா எழுந்து, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவே இல்லை.